அதிபரின் கொலஸ்ட்ரால்

1961 ஜனவரி 19. அமெரிக்க அதிபர் ட்வைட் ஐசன்ஹோவர் பதவியிலிருந்த கடைசி முழுநாள். மறுநாள் நண்பகலில் கென்னடி பொறுப்பேற்க இருந்தார். அன்று அதிபரின் தனி மருத்துவர் ஹோவர்ட் ஸ்னைடர், இரத்தப் பரிசோதனையின் முடிவை அவரிடம் தெரிவித்தார்: கொலஸ்ட்ரால் 209. தம் குறிப்பேட்டில் மட்டும் உண்மையான எண்ணை எழுதிவைத்தார்: 259.

நோயாளியிடம் உண்மையை மறைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மருத்துவரைத் தனியே சந்தித்து, "அப்பாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்ளும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆயினும் ஸ்னைடரின் இந்த ஐம்பது புள்ளிப் பொய்யைச் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும். நோயாளி உலகின் மிக வலிமையான பதவியில் இருந்தவர். அன்றைய மருத்துவத்தின் மிகச் சிறந்தது அவருக்குக் கிடைத்தது. அவரும் படைத்தளபதிக்கே உரிய கட்டுப்பாட்டோடு சொன்னதையெல்லாம் செய்தார். நான்கு வாரத்தில் ஒரே ஒரு முட்டை. ஒரே ஒரு துண்டு பாலாடைக்கட்டி. காலையில் கொழுப்பு நீக்கிய பாலும் பழமும். ஆண்டுக்குப் பத்துமுறை வரை இரத்தம் சோதிக்கப்பட்டது. அப்படியிருந்தும் மாரடைப்புக்கு முன்பு 165 ஆக இருந்த எண் ஏறிக்கொண்டே போனது. அதை எண்ணி அவர் எரிச்சலும் கவலையும் கொண்டார். அந்தக் கவலையே இதயத்தைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சிய மருத்துவர் எண்ணைக் குறைத்துச் சொன்னார்.

சொன்னதையெல்லாம் செய்த நோயாளிக்கு ஏன் எண் இறங்கவில்லை? இதை விளங்கிக்கொள்ள இரண்டு வரலாறுகளைத் தனித்தனியே பின்தொடர வேண்டியிருக்கிறது. ஒன்று கட்டிலின் வரலாறு. மற்றொன்று கொழுப்பின் வரலாறு. இரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமலே நடந்தன.

*

சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், இதயத் தமனி அடைபட்டும் மனிதர் உயிர் பிழைக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் ஏற்கத் தொடங்கியது. பிழைத்தவரை என்ன செய்வது? ஹெரிக் சொன்னது படுக்கையில் முழு ஓய்வு, அதுவும் சில நாட்களுக்கு. அவருக்குப் பின்வந்தவர்கள் அந்தச் சில நாட்களை வாரங்களாக நீட்டினார்கள். நீட்டியதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1939-இல் பாஸ்டனில் மூவர், மாரடைப்பில் இறந்த 72 பேரின் இதயங்களை நுண்நோக்கியில் ஆராய்ந்து, செத்துப்போன தசை வடுவாக இறுகுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் தேவை என்று காட்டினார்கள். இதயம் ஆற ஆறு வாரம் என்றால், உடலும் ஆறு வாரம் அசையக்கூடாது. இந்தத் தர்க்கம் எவருக்கும் நியாயமாகவே பட்டது. செவிலியர் சோறூட்டினார்கள், முகம் கழுவிவிட்டார்கள், திரும்பிப் படுக்கவும் துணை நின்றார்கள். வீடு திரும்பியவர் மாடிப்படி ஏறக்கூடாது. பலர் வேலைக்குத் திரும்பவே இல்லை. நம் ஊர்களிலும் 'அட்டாக் வந்தவர்' என்ற பெயரோடு திண்ணை ஓரத்து நாற்காலியில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்த முதியவர்கள் இந்த மருத்துவத்தின் பிள்ளைகள்தாம்.

அந்த மூவரில் ஒருவர் பால் டட்லி ஒயிட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இத்தனைக்கும் மாற்றுச் சான்று ஒன்று பழைய ஏட்டிலேயே இருந்தது. ஆஞ்சைனா என்று இன்று நாம் அழைக்கும் மார்பு இறுக்கத்தை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். அவர் மறைந்த மறு ஆண்டு, 1802-இல் வெளிவந்த நூலில் ஒரு நோயாளியைப் பற்றிப் போகிறபோக்கில் சொல்கிறார்: தினம் அரைமணி நேரம் மரம் அறுப்பதைத் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட அவர் ஏறக்குறையக் குணமடைந்துவிட்டாராம். நூற்றைம்பது ஆண்டுகள் அந்த வரியை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1953-இல் ஜெரி மாரிஸ் என்பவர் இலண்டன் இரட்டைமாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஒப்பிட்டு, நாள் முழுதும் படியேறி இறங்கும் நடத்துநர்களைவிட உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களுக்கு இதயநோய் அதிகம் என்று காட்டியபோதுதான் அசைவு என்பது ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று.

அதற்கு ஓராண்டு முன்பே பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் சாமுவேல் லெவைனும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லௌனும் ஓர் எளிய காரியத்தைச் செய்திருந்தார்கள். மாரடைப்பு வந்த 81 பேரை, கட்டிலிலேயே கிடத்தாமல், முதல் நாட்களிலேயே சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாற்காலி, அவ்வளவுதான், நடைகூட இல்லை. அதற்கே எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பயிற்சி மருத்துவர்கள் வரிசையாக நின்று நாஜிப் படையினரைப்போலக் கைநீட்டித் தம்மை 'வரவேற்றதாக' லௌன் பிற்காலத்தில் எழுதினார். அவர் லித்துவேனியாவில் பிறந்த யூதர் என்பதை எண்ணினால் அந்தக் கேலியின் கொடுமை புரியும். ஆனால் உட்காரவைக்கப்பட்ட நோயாளிகள் செத்துவிழவில்லை. மாறாக, நீண்ட படுக்கையில் காலில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குப் பாய்ந்து நேரும் மரணங்கள் குறைந்தன. மனமும் தேறியது. நாற்காலியில் அமர்ந்திருப்பவன் தன்னைச் சாகப்போகிறவனாக எண்ணுவதில்லை என்பதை அந்த இரு மருத்துவர்களும் கண்ணால் கண்டார்கள்.

1955 செப்டம்பர் 24 அதிகாலையில், டென்வர் நகரில் விடுமுறையில் இருந்த ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. திங்கட்கிழமை பங்குச்சந்தை சரிந்தது. பாஸ்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மருத்துவர், பால் டட்லி ஒயிட். ஆறு வாரக் கணக்குக்குத் தம் பெயரைக் கொடுத்த அதே மனிதர், இப்போது நாற்காலியின் பக்கம் நின்றார். (ஒயிட் தாமே சைக்கிள் ஓட்டும் பழக்கமுடையவர்; அதையே ஊருக்கும் உபதேசித்தவர்.) பத்திரிகையாளர்களைக் கூட்டி, இதயத் தமனி என்றால் என்ன, அடைப்பு எப்படி நேர்கிறது, அதிபருக்கு மலம் கழிந்ததா என்பதுவரை வெளிப்படையாகச் சொன்னார். ஒரு தேசமே இதயநோய்ப் பாடம் கேட்டது. நவம்பர் 11 அன்று அதிபர் மருத்துவமனையிலிருந்து வெளியேறினார். அடுத்த பிப்ரவரியில் கோல்ஃப் ஆடினார். நவம்பரில் மீண்டும் தேர்தலில் வென்றார். மாரடைப்பு வந்தவர் நாட்டையே ஆளலாம் என்றால், அலுவலகத்துக்கு ஏன் போகக்கூடாது? மறுவாழ்வு மருத்துவத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வாய்த்ததில்லை. கிளீவ்லாண்டில் ஹெர்மன் ஹெல்லர்ஸ்டைன் போன்றவர்கள் இதயநோயாளிகளை உடற்பயிற்சிக்கூடத்துக்கே அழைத்துவந்தார்கள்.

படுக்கை என்ன செய்கிறது என்பதை எண்ணால் காட்டிய ஆய்வு 1966-இல் டல்லாஸில் நடந்தது. இருபது வயதுடைய, நோயற்ற ஐந்து இளைஞர்களை இருபது நாட்கள் கட்டிலில் கிடத்தினார்கள். அவர்களுடைய உடலின் உச்ச உழைப்புத்திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகச் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் தேடிப்பிடித்துச் சோதித்தபோது தெரியவந்தது: முப்பதாண்டு முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததே அதிகம். இதயம் புண்பட்ட அறுபது வயதுக்காரரை ஆறு வாரம் கிடத்தியபோது என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

*

இனிக் கொழுப்பின் கதை. இது முயல்களிடமிருந்து தொடங்குகிறது.

1913-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிகோலாய் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர், தூய கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் தமனிச் சுவர்களில் மனிதத் தமனிகளில் காண்பதைப் போன்றே கொழுப்புப் படிவுகள் தோன்றின. இன்று பார்க்கையில் இதுவே போதுமே என்று தோன்றும். ஆனால் நாய்க்கும் எலிக்கும் அதே உணவைக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் கிட்டவில்லை. புல் தின்னும் பிராணிக்கு நேர்ந்ததை மனிதனுக்குப் பொருத்துவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அது நேர்மையான கேள்விதான். நாயும் எலியும் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன, முயலால் அது இயலவில்லை என்ற விளக்கம் பின்னரே கிடைத்தது. தமனி கெடுவது முதுமையின் இயல்பு என்ற நம்பிக்கையும் வலுவாக இருந்தது. நாற்பது ஆண்டுகள் அந்த ஆய்வு ஏறக்குறைய மூலையில் கிடந்தது.

1948-இல் பாஸ்டனுக்கு அருகே ஃபிராமிங்காம் என்ற சிற்றூரில் 5,209 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம் ஆகியவை கூடியவர்களுக்கு இதயநோயும் கூடுகிறது என்பது 1961-இல் அச்சேறியது. அதே ஜனவரியில், ஸ்னைடர் தம் அதிபரிடம் 209 என்று சொல்வதற்குச் சில நாட்கள் முன்பு, டைம் இதழின் அட்டையில் ஆன்செல் கீஸின் முகம் வந்தது. வெண்ணெயும் கொழுப்பிறைச்சியும் இரத்தக் கொழுப்பை உயர்த்துகின்றன என்று வாதிட்டவர் அவர். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் முழு உண்மை உணவுத்தட்டில் இல்லை. நம் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே உண்டாக்குகிறது. உணவில் குறைத்தால் கல்லீரல் தன் உற்பத்தியைக் கூட்டிக்கொள்ளும். ஐசன்ஹோவரின் முட்டையில்லாத காலையுணவுகள் தோற்றதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாகலாம்.

மருந்து தேடியவர்களுக்கும் அடிமேல் அடி விழுந்தது. டிரைபரனால் என்ற மாத்திரை 1960-இல் விற்பனைக்கு வந்து, கண்புரையும் முடி உதிர்வும் தந்து 1962-இல் திரும்பப் பெறப்பட்டது. குளோஃபைப்ரேட் என்ற மற்றொன்றைப் பற்றிய பெரிய ஆய்வு 1978-இல் வெளியானபோது, கொலஸ்ட்ரால் குறைந்தது, மரணம் கூடியிருந்தது. எண்ணைக் குறைப்பது வேறு, உயிரைக் காப்பது வேறு என்று ஐயுற்றவர்களை நாம் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிட இயலாது. சான்று அவர்கள் பக்கம் இருந்தது.

இந்த இடத்தில் நமக்கு மிகவும் பிடித்த மனிதர் வருகிறார். அகிரா எண்டோ, ஜப்பானின் அகிதா மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காளான்களிடமும் பூஞ்சைகளிடமும் சிறுவயது முதல் காதல் கொண்டவர். பூஞ்சைகள் தம் எதிரி நுண்ணுயிர்களை அழிக்க, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் எதையேனும் சுரக்கலாம் என்று எண்ணி, 1971 முதல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்தார். 1973-இல் கியோட்டோ நகரின் தானியக்கடை ஒன்றின் அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அது கிடைத்தது. எலிகளுக்குக் கொடுத்தார்கள், பயனில்லை. (மறுபடியும் எலி!) திட்டம் கைவிடப்படும் தறுவாயில், உடன் பணியாற்றிய ஒருவரின் முட்டையிடும் கோழிகளில் சோதித்துப் பார்த்தபோது கொலஸ்ட்ரால் சரிந்தது. ஸ்டேடின் என்னும் மருந்துக்குலம் பிறந்தது அப்படித்தான். எண்டோ கண்ட மருந்து சந்தைக்கு வரவில்லை. 1987-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது வேறொரு நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டேடின்.

ஸ்டேடின் வேலை செய்யும் விதத்தை விளக்கியவர்கள் டல்லாஸின் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும். எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் செல்களின் மேற்பரப்பில் உள்ளன என்று அவர்கள் கண்டறிந்தார்கள். கல்லீரலின் சொந்த உற்பத்தியைத் தடுத்தால், அது தன் தேவைக்காக மேலும் பல ஏற்பிகளை வளர்த்து, இரத்தத்திலிருந்தே கொழுப்பை உறிஞ்சிக்கொள்ளும். இருபது நாள் படுக்கை ஆய்வு நடந்த அதே மருத்துவப் பள்ளியில்தான் இதுவும் நடந்தது. 1985-இல் இவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு, அணு ஆயுதத்துக்கு எதிரான மருத்துவர் அமைப்புக்குக் கிடைத்த அமைதி நோபலை ஏற்றுக்கொண்ட இருவரில் ஒருவர், நாற்காலி மருத்துவர் பெர்னார்ட் லௌன். இரு வரலாறுகளும் ஒரே ஆண்டில் மேடையேறியதைத் திட்டமிட்டவர் எவருமில்லை.

எஞ்சியிருந்த ஐயம் 1994-இல் தீர்ந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில், ஏற்கெனவே இதயநோய் கொண்ட 4,444 பேரில் ஒரு பாதிக்கு சிம்வாஸ்டேடினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஐந்தாண்டுகளுக்கு மேல் கண்காணித்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் 256 பேரும், மருந்து உண்டவர்களில் 182 பேரும் இறந்திருந்தார்கள். எண் குறைந்தது, உயிரும் நின்றது. அனிச்கோவின் முயல்களுக்கும் இதற்கும் இடையே எண்பத்தோராண்டுகள். ஐசன்ஹோவர் 1969-லேயே இதயம் தளர்ந்து இறந்துவிட்டிருந்தார்.

*

கட்டிலிலிருந்து எழுப்பியவர்களும் கொழுப்பைக் குறைத்தவர்களும் ஒரே கூரையின்கீழ் வந்தது ஏறத்தாழ அப்போதுதான். அதுவரை மறுவாழ்வு என்றால் உடற்பயிற்சி என்றே பொருள். பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது, ஆனால் எல்.டி.எல்.-ஐ அது பெரிதாகக் குறைப்பதில்லை. தினமும் நடக்கிறோமே, மாத்திரை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் அறியவேண்டியது இது. மாத்திரை உண்கிறோமே, நடை எதற்கு என்பாருக்கு டல்லாஸின் ஐந்து இளைஞர்களே பதில்.

இரண்டையும் இணைக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் காட்டியது, அதே 1994-இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் டிபஸ்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. மாரடைப்பிலிருந்து மீண்ட 585 பேரில் ஒரு பாதியினரைச் செவிலியர்களின் பொறுப்பில் விட்டார்கள். அவர்கள் செய்தது பெரும்பாலும் தொலைபேசியும் தபாலும்தான். பயிற்சி நடக்கிறதா, புகை விட்டாயிற்றா, கொழுப்பு எவ்வளவு, மாத்திரையைக் கூட்டவேண்டுமா என்று தொடர்ந்து கேட்டார்கள். ஓராண்டு முடிவில் இவர்களுடைய எல்.டி.எல். சராசரி 107, வழக்கமான மருத்துவம் பெற்றவர்களுக்கு 132.

இன்று மாரடைப்புக்குப் பின் எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய நெறி. மருந்து தொடங்கியோ மாற்றியோ நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். மறுவாழ்வுப் பயிற்சியும் பொதுவாகப் பன்னிரண்டு வாரம் என்பதால், சோதித்து, போதாவிட்டால் எசெடிமைப் சேர்த்து, அதுவும் போதாவிட்டால் 2015 முதல் கிடைக்கும் ஊசிமருந்தைக் கருதிப்பார்ப்பதற்கு அதுவே உகந்த காலம். தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, 53 வயதளவில் வருகிறது என்று 2007-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று கூறியது. ஆனால் நம் நாட்டில் மறுவாழ்வுக் கூடங்கள் அரிது. யோகத்தை அடிப்படையாகக் கொண்ட மலிவான மறுவாழ்வுமுறை ஒன்றை 24 மருத்துவமனைகளில் 3,959 நோயாளிகளிடம் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். நலவுணர்வும் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் மேம்பட்டன. மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆசனம் போதும், மாத்திரை வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

எண்டோவைப் பற்றியும் இதேபோல் அரைகுறையாய் ஒரு கதை உலவுகிறது. முதுமையில் அவருக்கே கொலஸ்ட்ரால் கூடியது. யாரிடம் பேசுகிறோம் என்று அறியாத மருத்துவர், 'கவலை வேண்டாம், நல்ல மருந்துகள் இருக்கின்றன' என்றாராம். எண்டோ உடற்பயிற்சியால் குறைக்க முயன்றார். ஸ்டேடினைக் கண்டவரே அதை உண்ணவில்லை என்று இதை ஒரு வாதமாக வைப்பவர்கள், அவர் அப்போது மாரடைப்பு வந்த நோயாளி அல்லர் என்பதைச் சொல்வதில்லை. நோய் வருமுன் காப்பவருக்குத் தேர்வுக்கு இடமுண்டு. வந்து மீண்டவருக்கு அது மிகக் குறுகியது. எண்டோ 2024 ஜூனில் தொண்ணூறு வயதில் காலமானார்.

மீண்டவர்களிலும் பலர் சில மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். எண் சரியாகிவிட்டது என்பார் சிலர். மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது என்பதை எவரும் அவர்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். தசை வலிக்கிறது என்பார் சிலர். மெய்யாகவே தசை பாதிக்கப்படுவோர் சிலர் உண்டு. மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தி அது. ஆனால் இலண்டனில் நடந்து 2020-இல் வெளியான சிறிய ஆய்வொன்று இவ்விஷயத்தில் நம்மை வியக்கவைத்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேடினை நிறுத்திய அறுபது பேரிடம் ஓராண்டுக்கான பன்னிரண்டு மாதப் பங்குகளைக் கொடுத்தார்கள்: நான்கில் ஸ்டேடின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு மாதம் ஒன்றுமே இல்லை. மாத்திரை மாதங்களில் எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. நாள்தோறும் தம் தொல்லையின் அளவைக் கைபேசியில் பதிந்தார்கள். ஸ்டேடின் மாதங்களில் அவர்கள் உணர்ந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. தொல்லை பொய்யன்று, அவர்கள் உண்மையிலேயே வலியை உணர்ந்தார்கள். வந்த வழிதான் வேறு.

ஆய்வு முடிந்தபின் மருத்துவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்களை, அவரவர் மாதங்களை வரைபடமாக எடுத்துக்காட்டினார்கள். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, அறுபதில் முப்பது பேர் மீண்டும் ஸ்டேடினைத் தொடங்கியிருந்தார்கள்.